இரவல் கற்கள்

எங்கள் ஊர்க் கோட்டை தன் கற்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது மோர்க்காரி சாக்கியின் மாட்டுக் கொட்டகையில்தான், என் வீட்டில் இல்லை, யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் சரி. விடியற்காலையில் பால் கறக்கப் போனவள் சுவரில் ஒரு கல் இல்லாததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டி, அவன் தன் வீட்டுப் பின்சுவரிலும் ஒரு கல் இல்லாததைக் காட்டி, இரண்டு பேரும் சேர்ந்து இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றபோது, கரட்டின் மேல், நாங்கள் பிறந்த நாளிலிருந்து உடைந்தே கிடந்த கோட்டையின் தெற்கு மதிலில், சாணி அப்பின ஒரு கல்லும் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஆடு மேய்க்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். சாக்கி ஏறிப் போய்த் தன் கல்லை அடையாளம் பார்த்துவிட்டு இறங்கி வந்து மோர் கடைந்தாள். வேறு என்ன செய்வது? மாடு கறந்தால் மோர் கடைந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கோட்டையடி என்று பெயர். வேட்டுவன்கரடு என்கிற பாறைக் குன்றின் அடியில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கரட்டுக்குக் கரடு ஒரு கோட்டை உண்டு, கோட்டைக்குக் கோட்டை ஓர் இடிந்த அரண்மனை உண்டு, கட்டினவன் பேரும் தெரியாது, இடித்தவன் பேரும் தெரியாது, பீரங்கி இடித்தது என்பார்கள், மழை இடித்தது என்பார்கள், எது இடித்தாலும் பாதிதான் இடித்தது, மீதியைப் பிரித்தது எங்கள் பாட்டன் பூட்டன்கள். கோட்டைக் கல் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. பன்றிக் குடிசைக்கு ராஜா ஏறின படிக்கல் இருக்கும். துணி துவைக்கிற கல்லில் தாமரை செதுக்கியிருக்கும். அதற்காக நாங்கள் திருடர்கள் இல்லை. கல் எடுக்கப் போகிறவன் ஒரு பிடி கேழ்வரகு கொண்டுபோவான், கல்லைப் பெயர்த்த குழியில் அதைப் போடுவான், போட்டுவிட்டு, "இரவலா எடுத்துக்கறேன் தாயே, கேக்கறப்ப தர்றேன்" என்று சொல்வான். சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு, திருட்டுக் கல் வைத்த வீட்டில் விளக்கு நின்று எரியாது என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் எல்லாரும் சொன்னோம். கோட்டை கேட்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

எல்லாரும் சொன்னோம் என்றேன். ஒருத்தன் சொல்லவில்லை. அவனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் வேண்டுமென்றே ஒளித்தேன் என்பார்கள். அவன் என் தம்பி தீர்த்தகிரி. எங்கள் அப்பா கோட்டை வாசலிலிருந்து யானை செதுக்கிய கல் ஒன்றை முறைப்படி கேழ்வரகு போட்டு, முறைப்படி சொல்லி எடுத்துவந்து எங்கள் வீட்டு வாசற்படியாகப் போட்டிருந்தார். அவர் போனபின் வீட்டை இரண்டாகப் பிரித்தோம், நடுவில் சுவர் எழுப்பினோம், அந்தச் சுவரை நானே ஒவ்வொரு கல்லாகத் தலையில் சுமந்து வந்து கட்டினேன், வாசற்படி மூத்தவன் பக்கம் என்று பெரியவர்கள் முன்னால் பேச்சு. நான் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவன் கடப்பாரை போட்டு யானைக் கல்லைப் பெயர்த்துத் தன் வாசலில் போட்டுக்கொண்டான். என் மகள் காவேரி தொட்டிலை விட்டு இறங்கின வருஷம் நடந்தது இது. அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. அவன் பெண்டாட்டி செத்தபோது போனேன், பாடை தூக்கினேன், பேசவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் அவன் எருமையிடம் சொல்வேன். அதன் பேர் கருவாச்சி. "ஏ கருவாச்சி, உங்க ஊட்டுத் தண்ணி என் வாசலுக்கு வருதுன்னு உங்காளுகிட்டச் சொல்லு" என்பேன். அவனும் கருவாச்சியிடம்தான் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த எருமை நியாயமாகத்தான் நடந்துகொண்டது.

கற்கள் தினமும் போயின. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போகாது, முதுகு திரும்பினால் போய்விடும். சத்தம் கிடையாது, தூசி கிடையாது, இருந்த இடத்தில் ஒரு சதுரப் பகல் வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். சீக்கிரத்திலேயே பெண்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நாளைக்குப் போகிற கல் இன்றைக்கு வியர்க்கும். தண்ணீர்ப் பானையின் வெளிப்புறம் எப்படி இருக்குமோ அப்படி ஈரமாக இருக்கும். அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போல மூலைக்கு மூலை கை வைத்துப் பார்த்தார்கள், "இங்க ஒண்ணு வேர்க்குது" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் அடுத்த வீட்டில் ஒருத்தி தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தடவுவாள்.

ஊர் பழகிக்கொண்டது. பழகாத ஊர் எது? வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சுவர் பார்த்து உட்காரச் சொன்னோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவருக்கு முகம் கொடுத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள், முகத்தைப் பார்க்காமல் சண்டை போட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் கோணி கட்டினோம், கோணி இல்லாதவர்கள் தேர்தலுக்குக் கட்டின துணியைக் கட்டினார்கள். கரட்டின் மேல் கோட்டை வளர்ந்தது. சமையல்கட்டுக் கரி பிடித்த கல் கொத்தளத்தின் உச்சியில் இருந்தது, மஞ்சள் குங்குமம் வைத்த கல் குதிரை லாயத்தில் இருந்தது, பச்சை, நீலம், ரோஸ் என்று எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு நிறமெல்லாம் மதிலில் இருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ துவைத்த துணியைக் கரட்டின் மேல் காயப்போட்ட மாதிரி இருந்தது.

கோட்டையைப் பார்த்துக்கொள்கிற இலாகாவிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். கீழே ஒரு போர்டு இருந்தது, சிதைந்த கோட்டை, சேதப்படுத்துவது குற்றம் என்று. அவர் போர்டைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார்.

"யாருய்யா இதைக் கட்டறது?"

"யாரும் கட்டலீங்க. அதுவா வருது" என்றாள் சாக்கி.

"அனுமதி இல்லாம வரக்கூடாதே."

"அதுகிட்டத்தான் சொல்லணும் சார். மோர் குடிக்கறீங்களா?"

அவர் மோர் குடித்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை.

மற்றவர்களுக்குப் போனது சுவர்தான். எனக்கு அப்படியில்லை. காவேரி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற வயிறு. எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை தாய்வீட்டுக் கூரைக்குக் கீழேதான் முதலில் படுக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் நேரே தாய்வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும், அங்கே தொட்டில் கட்டித்தான் பேர் வைக்க வேண்டும். என் கூரையைத் தாங்குவது ஒரே ஒரு கல்தூண், கூடத்துக்கு நடுவில். அதுவும் கோட்டைத் தூண்தான். காவேரியின் தொட்டில் கயிற்றை அப்பா அதில்தான் சுற்றிக் கட்டினார், கயிறு அறுத்த தடம் இன்னும் இடுப்பளவு உயரத்தில் வளையம் போல இருக்கும். சுவர் போனால் கோணி கட்டலாம், தூண் போனால் என்ன கட்டுவது? நான் அந்தத் தூணைத் தடவினேன். காலையில் தடவினேன், மதியம் தடவினேன், சாப்பிட்ட கையோடு தடவினேன். "கையை வைச்சு வைச்சு நீங்களே அதை வேர்க்க வைச்சிருவீங்க" என்றாள் என் பெண்டாட்டி பெருமாயி. அவளும் நான் பார்க்காதபோது தடவினாள்.

எங்கள் வீட்டில் முதலில் போனது நடுச்சுவர்க் கல். நான் சுமந்து கட்டின சுவர். நெஞ்சு உயரத்தில் ஒன்று போனது, பக்கத்தில் இன்னொன்று, அதற்குக் கீழே இரண்டு. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துச் சமையல்கட்டு தெரிந்தது. இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன். தட்டில் களி, பக்கத்தில் ஒரு மிளகாய், குழம்பு இல்லை. நான் கோணியை எடுத்து வந்து ஆணி அடித்தேன். ஆணி அடித்த கல் மறுநாள் போய்விட்டது, கோணி கீழே விழுந்து கிடந்தது.

அந்தப் பக்கமும் கல் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் யானைக் கல் போகவில்லை. இதை ஊர்தான் கவனித்தது. கோட்டை வாசலில் எல்லா இடமும் அடைபட்டுவிட்டது, யானைக் கல் இருக்க வேண்டிய இடம் மட்டும் பொக்கை வாய் மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஊர் கூடினது. என் கல் போகிறது, உன் கல் போகிறது, தீர்த்தகிரி வாசலில் இருக்கிற கல் மட்டும் ஏன் வியர்க்கக்கூட மாட்டேன் என்கிறது என்று பேச்சு வந்தது. நான் எழுந்தேன். இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

"எங்கப்பன் இரவலா வாங்கியாந்த கல்லு அது. இரவல் கல்லா இருந்தா போயிருக்கும். போவலைன்னா என்னா அர்த்தம்? நடுவுல ஒருத்தன் திருடிட்டான்னு அர்த்தம். நான் சொன்னப்ப யாரும் நம்பலையே, இப்பக் கோட்டையே சொல்லுது, கேட்டுக்கங்க" என்றேன்.

 எல்லாரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். அவன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டான். கருவாச்சியைக் கூட்டி வந்திருக்கவில்லை, அதனால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசினான்.

"எங்கப்பனும் அதே அப்பன்தான்" என்றான். எழுந்து போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு உருண்டை களி அதிகமாகச் சாப்பிட்டேன். காவேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள். "சித்தப்பா பொழக்கடையில உக்காந்திருக்கு. சாப்பிடலை" என்றாள். அவள் அவனோடு சின்ன வயதிலிருந்தே பேசுவாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பேன்.

அந்த வாரத்திலேயே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இடிந்த கோட்டைகளைச் சுற்றிக் காட்டுகிற குமரவேல் என்ற பையன் ஜீப்பில் கூட்டி வந்தான். செக் நாடாம். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று சாக்கி கேட்டதற்குக் கடல் கிடையாத நாடு என்று குமரவேல் சொன்னான். அந்த மனுஷனுக்கு இடிந்த கோட்டைதான் பைத்தியம், ஊர் ஊராகப் போய் ஏறிப் பார்ப்பாராம், எங்கள் கோட்டை முழுசாக நின்றதைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. இடிந்தது என்று சொல்லித்தானே கூட்டி வந்தாய் என்று குமரவேலிடம் சண்டை. குமரவேல் எங்களைக் காட்டினான். சாக்கி மோரை ஊற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள், குமரவேல் அதை அவருக்குச் சொன்னான். அவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அதைப் பார்த்து எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"அவங்க பக்கத்துலயும் மலைக்கு மலை இப்படிக் கோட்டைதானாம்" என்று குமரவேல் எங்களுக்குச் சொன்னான். "கீழ இருக்கற ஊரெல்லாம் கோட்டைக் கல்லுலதான் கட்டினதாம். இவரு தாத்தா ஊட்டுப் பன்னிக் கொட்டாயில சிங்கம் போட்ட கல்லு ஒண்ணு இருக்காம், ராஜா வீட்டுக் கல்லு."

"அது போயிருச்சா?" என்றாள் சாக்கி.

"இல்லையாம். அங்கயேதான் இருக்குதாம். எந்தக் கல்லும் போவலையாம்."

"எடுக்கறப்ப என்னா சொல்லுவாங்களாம்?"

குமரவேல் கேட்டான். வெள்ளைக்காரர் புரியாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

"ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம். ஆள் இல்லாத நேரமாப் பார்த்துத் தூக்கிட்டு ஓடியாந்துருவாங்களாம்."

"கேக்காமயா?"

"யாரைக் கேக்கறதுன்னு கேக்கறாரு."

சாக்கி மோர்ப் பானையை மூடினாள். கரட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பானையை அப்படியே வைத்துவிட்டுக் கொளுத்துகிற வெயிலில் மேலே ஏறினாள். நாங்கள் பின்னாலேயே போனோம், அந்த வெள்ளைக்காரரும் வந்தார். கேழ்வரகு எடுத்துக்கொள்ளவில்லை அவள். தெற்கு மதிலில் சாணி அப்பின தன் கல்லுக்கு எதிரில் நின்று, கூந்தலை முடிந்துகொண்டு, கோட்டைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏ கோட்டை! இது இரவல் இல்ல. திருடறேன். மோர்க்காரி சாக்கி திருடறேன். நீ கேட்டாலும் தரமாட்டேன், போ!"

கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கொட்டகையில் வைத்தாள். அது வியர்க்கவில்லை. மறுநாளும் வியர்க்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்கு ஊரே வந்து அந்தக் கல்லைக் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனது, எதையோ பார்த்துப் பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடித்த பிறகு தொட்டுப் பார்ப்பது மாதிரி.

அதன்பின் எங்கள் ஊர் திருடக் கற்றுக்கொண்டது. சுலபமாக வரவில்லை. வழிவழியாக இரவல் என்று சொன்ன வாய். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார்கள். கோயில் பூசாரி வாய்க்குள்ளேயே சொன்னார், அவர் கல் பொழுது சாய்வதற்குள் வியர்த்தது. தபால்காரர் "திருடற மாதிரி எடுத்துக்கறேன்" என்று சொல்லி எடுத்தார், அதுவும் போய்விட்டது. பெயரைச் சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், மனசறிந்து சொல்ல வேண்டும். பழக்கத்தில் ஒரு பிடி கேழ்வரகு போட்டவர்களுக்குக் கல் தங்கவில்லை. பிறகு பழகிவிட்டார்கள். பகலெல்லாம் கரட்டின் மேலிருந்து குரல் கேட்டது, நான் திருடறேன், நான் திருடறேன் என்று ஆண் குரலும் பெண் குரலும், கூடையும் கடப்பாரையுமாக வரிசை, தெரியாத ஊர்க்காரன் கேட்டிருந்தால் பஜனை என்று நினைத்திருப்பான். எதிரெதிரே வருகிறவர்கள் "திருடியாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல.

நான் போகவில்லை.

நான் எப்படிப் போவேன்? இந்த ஊரில் திருடன் என்ற வார்த்தையை ஒருத்தனுக்கென்றே வைத்திருந்தவன் நான். அந்த வார்த்தையை அவன்மேல் எறிந்து எறிந்து அது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. அதை எடுத்து நானே என் தலையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம், அதுவும் அவன் காதில் விழுகிற மாதிரி. கோட்டையடியில் கடைசி யோக்கியன் ஒருத்தனாவது இருக்கட்டும் என்றேன்.

"யோக்கியன் ஊட்டுல இன்னும் எத்தனை கல்லு பாக்கி?" என்றாள் பெருமாயி. "புள்ளையக் கொண்டாந்து உங்க யோக்கியத்துல படுக்கப் போடறதா?"

வடக்குச் சுவர் இடுப்புக்கு மேல் போயிருந்தது. காற்று உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. நடுச்சுவரின் ஓட்டை ஓர் ஆள் நுழைகிற அளவு ஆகிவிட்டது. அதில் பெருமாயியின் பழைய சேலை ஒன்றைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தோம். காவேரிக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் தூணில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது.

பெருமாயியைச் சேலையில் துடைக்கச் சொன்னேன், துடைத்தாள், மறுபடி துளிர்த்தது. தொட்டில் கயிறு அறுத்த வளையத்தில் தண்ணீர் தேங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் தூணுக்கு எதிரே உட்கார்ந்தேன். நான் கண்ணை இமைக்கும்போது அவள் பார்ப்பாள், அவள் இமைக்கும்போது நான் பார்ப்பேன் என்று ஏற்பாடு. காவேரியை வாசலில் கட்டிலைப் போட்டுப் படுக்கச் சொன்னால் கேட்கவில்லை, பனி விழுகிறது என்றாள். அதே கூரைக்குக் கீழே, அதே தூணுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். விடிந்தபோது பார்த்தேன், பெருமாயி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள், எனக்கும் தலை தொங்கி எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. தூண் மட்டும் நின்றிருந்தது. எப்படி நின்றது என்று நடுச்சுவர்ப் பக்கம் திரும்பினேன். சேலை ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கம் தீர்த்தகிரி ஓட்டைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கண்ணெல்லாம் சிவந்து, என் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கருவாச்சியின் கயிறு. அது அவன் பின்னால் நின்று அசை போட்டபடி அதுவும் தூணைத்தான் பார்த்தது.

"என் ஊட்டுத் தூணை ஒருத்தன் என்னாத்துக்குப் பார்க்கறான்னு கேளு கருவாச்சி" என்றேன்.

"புள்ளை படுத்திருக்குதுன்னு சொல்லு கருவாச்சி" என்றான், கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் காவேரிக்கு வலி எடுத்தது. பெருமாயி விழித்துக் கத்தினாள், நான் ஓடினேன், இரண்டு பேருமாகத் தாங்கித் தூக்கினோம், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள், இத்தனையிலும் எங்கள் இரண்டு பேர் முதுகும் தூணுக்குத்தான் இருந்தது. "நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பின்னால் குரல் கேட்டது, எருமையின் பேர் இல்லாமல். நான் திரும்பவில்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, காவேரியை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தின பிறகு வீடு இருந்த பக்கம் ஒரு சத்தம் கேட்டது, பெரிய மூட்டையைக் கீழே போட்டதுபோல, அவ்வளவுதான். ஓட்டுக் கூரை உட்கார்ந்துவிட்டது. பிறகு சாக்கி சொன்னாள், வண்டி புறப்படுகிற சத்தம் கேட்டதும் பிள்ளை பத்திரமாக ஏறினாளா என்று தீர்த்தகிரி ஒரே ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பினானாம்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாக இருந்தது. நர்சம்மா வந்து, "இன்னும் ரெண்டு நாள்ல கூட்டிட்டுப் போலாம்" என்றாள். எல்லாருக்கும் அது நல்ல செய்தி. காவேரி என்னைப் பார்த்தாள். எங்கே கூட்டிப் போவது என்று அவள் கேட்கவில்லை. குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள், சுவரைத் தடவுகிற மாதிரி.

நான் ஊருக்கு வந்து நேரே கரடு ஏறினேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. மதியம், கோட்டையில் ஆள் இல்லை, ஊர் திருடின இடமெல்லாம் மறுபடி பொக்கையாகி, கோட்டை பாதி இடிந்து பழைய மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. உள்ளே மண்டபத்தில் என் தூண் நின்றது. வரிசையாக நிறையத் தூண்கள், எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றில் மட்டும் இடுப்பளவில் வளையம். எங்கள் வீட்டுக் கரி அதில் இருந்தது, காவேரி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒட்டின பொட்டு ஒன்றும் இருந்தது. நான் அதன் எதிரே நின்றேன். வாயைத் திறந்தேன். நான், என்றேன். மாதையன், என்றேன். அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றேன். நான் மாதையன் என்பது மட்டும் மண்டபம் முழுக்க எதிரொலித்தது, அது யாருக்கு வேண்டும்? குழந்தை முகத்தை நினைத்துக்கொண்டேன். அப்போதும் வரவில்லை. நாக்கு அந்த வார்த்தையைத் தூக்க மாட்டேன் என்றது. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. இப்படியே நின்றுவிடுவேன், பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் என்று பயம் வந்தது.

பின்னால் மணிச் சத்தம். கருவாச்சி வந்தது. பின்னால் கட்டை வண்டி, வண்டியில் வடம், கடப்பாரை இரண்டு. தீர்த்தகிரி என்னைப் பார்க்கவில்லை. தூணைச் சுற்றி வந்து பார்த்தான், வளையத்தைத் தொட்டான், துண்டைத் தலையில் கட்டினான்.

"ஏ கருவாச்சி" என்றான். "சில பேருக்கு இந்த வேலை வராது. பழக்கம் வேணும். எங்க குடும்பத்துல ஒருத்தனுக்குத்தான் இது கைவந்த கலை. ஊரே கூடிச் சொல்லியிருக்குது."

பிறகு மண்டபத்தைப் பார்த்துக் கத்தினான்.

"கோட்டையடி தீர்த்தகிரி திருடறேன்! எங்கண்ணன் ஊட்டுக்குத் திருடறேன்! கேட்டாத் தரமாட்டேன்!"

அந்தக் குரல் சுற்றிச் சுற்றி அடங்குகிறவரை நான் நின்றேன். அவன் ஒரு கடப்பாரையை எடுத்து நீட்டினான், எனக்கு இல்லை, எனக்கும் எருமைக்கும் நடுவில். ஒற்றை ஆள் தள்ளுகிற தூண் இல்லை அது. வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கம் அவன் நெம்பினான், ஒரு பக்கம் நான் நெம்பினேன். சின்ன வயதில் அப்பாவோடு கல் புரட்டும்போது "ஏலா" என்று ஒன்றாகச் சொல்வோம். அவன் சொன்னான். இரண்டாம் தடவை நானும் சொன்னேன், தூண் அசைய வேண்டுமே.

ஊர் வந்து கூரையை எடுத்துக் கட்டிக் கொடுத்தது. தங்கள் சுவருக்கென்று திருடின கல்லில் மிஞ்சினதைக் கொண்டுவந்து என் வடக்குச் சுவரை வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தை தாய்வீட்டுக் கூரைக்குக் கீழே படுத்தது. தொட்டில் கயிறு பழைய வளையத்திலேயே பொருந்தியது. தூண் இதுவரை வியர்க்கவில்லை. இருந்தாலும் நான் தினமும் பொழுது சாய்ந்ததும் கை வைத்துப் பார்க்கிறேன், ஒன்றுக்கு இரண்டு தடவை. என் வீட்டுக் கூரை நிற்பது அவன் திருடின கல்லின் மேல். திருடினவன் பேரில்தான் அது தங்குகிறது. நாளைக்கு அவன் மனசு மாறினால் என்ன ஆகும் என்று பயம் இருக்கத்தான் செய்கிறது. இதையும் சேர்த்து அவன்மேல் எனக்கு இரண்டு கோபம் ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. நடுச்சுவரின் ஓட்டை. ஆள் நுழைகிற அளவு ஓட்டை, அந்தச் சேலைகூட இப்போது இல்லை, குழந்தைக்குத் தொட்டில் கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதை அடைக்க வேண்டுமென்றால் நான் கட்டின அந்தக் கற்கள் கொத்தளத்தில் இருக்கின்றன, நான் போய் அந்த வார்த்தையைச் சொல்லி எடுத்துவர வேண்டும். செங்கல் வைத்து அடைக்கலாமே என்றாள் சாக்கி. கல் சுவரில் செங்கல் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவன் களி தின்கிறான். இந்தப் பக்கம் தொட்டிலில் இருந்து பேத்தி அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெருமாயி குழம்புக் கிண்ணத்தை ஓட்டை வழியாக நீட்டுவதை நான் பார்ப்பதில்லை, தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை அழுதால் கருவாச்சி தலையை ஓட்டைக்குள் நீட்டுகிறது.

அடைக்க வேண்டியதுதான். ஆனால் நான் திருடன் இல்லை. அதனால் ஓட்டை அப்படியே இருக்கிறது.